பெரியம்மாவின் முகமும் பாட்டியின் கைப்பக்குவமும்

போன ஞாயிறு மலேசியாவில், எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டில் பெரியம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தங்கை மகள், ஐந்து வயது, திடீரென்று கேட்டாள்: "பாட்டி, நீங்க மட்டும் ஏன் சீன ஆண்ட்டி மாதிரி இருக்கீங்க?"

"நான் சீன அம்மா வயித்துல பொறந்தேன்மா. கொள்ளுப்பாட்டிதான் தூக்கிட்டு வந்து வளர்த்தாங்க."

"அவங்ககூட அவ்ளோ நாள் இருந்தீங்களே, அப்புறம் ஏன் முகம் மாறல?"

அந்த வயதுக்கு இது நியாயமான கேள்விதான். பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர் என்று ஒரு கதை சொல்லி, பிள்ளை யாரைப் போல இருக்கும் என்று அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்ட ஆய்வு 1996இல் வந்தது. உடல் பெற்றவரிடமிருந்து, நம்பிக்கைகள் வளர்த்தவரிடமிருந்து என்று பிரித்துச் சொல்வது ஏழு வயதுவாக்கில்தான் தெளிவாக வந்தது. நான்கு, ஐந்து வயதில் வரவில்லை.

என் வருத்தம் பெரியவர்களைப் பற்றி. நம் ஊரில் அந்தக் காலத்தில் வறுமையாலும் ஆண் பிள்ளை ஆசையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளைத் தமிழர்கள் வாங்கி வளர்த்தார்கள். அப்படி வந்தவர்தான் பெரியம்மா. அவர் வைக்கும் மீன்குழம்பை "அப்படியே அவங்க அம்மா கைப்பக்குவம்" என்று சப்புக்கொட்டிச் சாப்பிடுவார்கள். அதே ஆட்கள், சீட்டுக் காசைக் கறாராகக் கேட்டால், "என்ன இருந்தாலும் சீன ரத்தம்" என்பார்கள். குழம்புக்கு வளர்ப்பு, கறாருக்கு ரத்தமா? பெரியம்மாவை வளர்த்த பாட்டியும் காசு விஷயத்தில் அப்படித்தானே இருந்தார்!

மடகாஸ்கரில் வேஸோ என்ற மீனவ மக்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணி யாரையாவது கடுமையாக வெறுத்தால் பிள்ளைக்கு அந்த ஆளின் சாயல் வரும் என்பார்கள். நாம் குங்குமப்பூ, கிரகணம் என்று சொல்வதில்லையா, அது மாதிரி. ஆனால் மானிடவியலாளர் ரீட்டா அஸ்துட்டியும் மற்றவர்களும் அதே வளர்ப்புப் பிள்ளைக் கதையைச் சொல்லிக் கேட்டபோது (2004இல் வெளியான ஆய்வு), அங்குள்ள பெரியவர்கள் உடம்பு பெற்றவரைப் போல, அறிவும் தொழிலும் வளர்த்தவரைப் போல என்று சரியாகப் பிரித்தார்கள். ஒருவர் வேஸோ ஆவதே பிறப்பால் அல்ல, கடலோடு வாழ்ந்து பழகுவதால்தான் என்பது அவர்கள் எண்ணம்.

நம் ஆட்களுக்கும் இது தெரியாமலில்லை. பிள்ளை தாத்தா மூக்கோடு பிறந்தால் யாரும் குங்குமப்பூக் கணக்குப் பார்ப்பதில்லை. தெரிந்துகொண்டேதான் "சீன ரத்தம்" என்ற அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

போன கல்யாணத்தில் பெரியம்மா காதுபடவே ஒருவர் சொன்னார். பெரியம்மா பாயசம் ஊற்றிக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டார். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தீபாவளிக்கு அப்படி இருக்கமாட்டேன்.