குறட்டையையும் கேளுங்கள்

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்துக்குள் சிறு தழும்புகள் உண்டாக்கி அந்தத் தவறான மின்துடிப்பைத் தடுக்கும் சிகிச்சை அப்லேஷன். அதற்குப் பிறகும் படபடப்பு திரும்புவதற்கு டாக்டரின் அனுபவக் குறைவே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முழுதாக ஏற்க முடியவில்லை. விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா, மாதக்கணக்கில் நிலைத்துவிட்டதா, இடது மேலறை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

என் மாமனாருக்கு அப்லேஷன் செய்த ஏழாவது மாதமே படபடப்பு திரும்பிவிட்டது. ராத்திரி குறட்டை சட்டென்று நின்று, மூச்சுத் திணறி எழுந்து உட்காருவார் என்று அத்தை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் காதில் வாங்கினோம்? அப்புறம்தான் தூக்கப் பரிசோதனை, சிபாப் மெஷின் (தூங்கும்போது மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றழுத்தம் தரும் கருவி) எல்லாம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2014ல் வெளியான அரெஸ்ட்-ஏஎஃப் ஆய்வில், எடை, பிபி, சர்க்கரை, தூக்கத் திணறல், மது, புகை இவற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்களுக்குத்தான் அப்லேஷன் நன்றாக நிலைத்தது.

இன்னொன்று, முதல் இரண்டு மூன்று மாதத்தில் படபடப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் தோற்றுவிட்டது என்று உடைந்துபோகாதீர்கள். உள்ளே தழும்பு ஆறிக்கொண்டிருக்கும் சமயம் அது.