1800 ரூபாய்க்கு எத்தனை தடவ கள்ளன் ஆகணும்?

அந்த ஆடியோவ நான் இங்க போடப்போறது இல்ல. நம்ம ஊர் குரூப்புல இருக்கவங்க எல்லாருக்கும் வந்திருக்கும், வராதவங்களுக்கும் இதுக்குள்ள யாராவது ஃபார்வர்ட் பண்ணியிருப்பாங்க. "வேலை இல்லன்னு சொல்லி கவர்மெண்டு பைசா வாங்குறவனுல பாதி பேரு கள்ளப்பயக்க, ரெண்டு பேரு மாட்டியாச்சு இல்லியா, இனி எல்லாத்தையும் நிப்பாட்டணும், நிக்குற பாக்கியையும் குடுக்கப்பிடாது". இவ்வளவுதான் விஷயம். பேசினவரு பெரிய மனுஷன், மாசம் பிறந்தா பென்ஷன் கரெக்டா ஏறுற மனுஷன். கீழ வரிசையா கைதட்டுற பொம்மை. கைதட்டினதுல எனக்கு பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்த ரெண்டு சாருமாரும் உண்டு. அதான் ராத்திரி உறக்கம் வரல, எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடுறேன். கள்ளன பிடிங்க. வேலையில சம்பளம் வாங்கிட்டு, பிஎஃப் பிடிச்சிட்டு, இங்க வந்து வேலையில்லன்னு கையெழுத்து போட்டவன பிடிங்க, வாங்கினத திருப்பி கட்ட வைங்க. எனக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல. ஆனா மத்தவனுக்கு சேர வேண்டிய பாக்கிய குடுங்க. அதுவும் இதுவும் ரெண்டு காரியம். ஒண்ண சொல்லி மத்தத அமுக்கக்கூடாது.

எவ்வளவு பைசான்னு தெரியாமலே நிறைய பேரு பேசுறாங்க, அதனால கணக்கு சொல்றேன். தமிழ்நாட்டுல வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பத்தாம் வகுப்பு ஃபெயிலானவங்களுக்கு மாசம் 200, பாஸானவங்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. லட்சம் இல்ல, ஆயிரம் கூட இல்ல, 600. அதுவும் மாசாமாசம் வராது, மூணு மாசத்துக்கு ஒருக்கா அக்கவுண்ட்ல ஏறும், டிகிரிக்காரனுக்கு 1,800. மொத்தமே மூணு வருஷம். அதுக்கு மேல வேலை கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் கிடையாது. முழுசா வாங்கி முடிச்சா 21,600 ரூபா. நம்ம ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு பந்தல்காரன் கிட்ட குடுக்குற அட்வான்ஸ் அதுக்கு மேல வரும்.

சும்மா போய் நின்னா இத எடுத்து நீட்டவும் மாட்டாங்க. எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு அஞ்சு வருஷம் முடியணும். பதிவ விடாம புதுப்பிச்சிருக்கணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 தாண்டக்கூடாது, அதாவது வீட்டுல எல்லாரும் சேந்து மாசம் 6,000. வயசு 40க்குள்ள, எஸ்சி எஸ்டின்னா 45. காலேஜ்ல நேரடியா படிச்சிட்டு இருக்கக்கூடாது. வருஷாவருஷம் எனக்கு இன்னும் வேலை கிடைக்கலன்னு சுய உறுதிமொழி எழுதிக்குடுக்கணும். இன்னொண்ணு, இன்ஜினியரிங், மெடிக்கல், சட்டம் மாதிரி தொழில் படிப்பு படிச்சவங்களுக்கு இது கிடையவே கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்துல போய் இத சொல்றீங்க பாத்தீங்களா! 2011 கணக்குல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவுல முதல் மாவட்டம், 91.75 சதவீதம். இங்க எந்த தெருவுல வீட்டுக்கு வீடு ஒரு பி.இ இல்ல? அவனுக்கு உதவித்தொகையும் இல்ல, வேலையும் இல்ல, வர்றவன் போறவன் எல்லாம் "தம்பி இப்ப என்ன செய்யுதீய"ன்னு கேக்குற கேள்வி மட்டும் உண்டு. ஆடியோ பேசினவருக்கு இது தெரியுமா? தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்ல.

இப்ப எங்க வீட்டு கதை. எந்தம்பி பி.காம். அந்த அஞ்சு வருஷம் காத்திருந்து, வில்லேஜ் ஆபீஸ், ஜெராக்ஸ் கடைன்னு ஓடி, எழுதி போட்டு வாங்கினவன். ஆபீஸ்ல உள்ள அக்கா நல்லா தான் பேசினாங்க, அத சொல்லாம விடக்கூடாது. பைசாவும் ஏறிச்சு. இடையில அவன் தன்னோட பழைய ஃபோன ஒருத்தனுக்கு வித்தான், அவன் ஜிபேயில 1,500 ரூபா அனுப்பினான், முடிஞ்சுதுன்னு இருந்தோம். கொஞ்ச நாள்ல அக்கவுண்ட் முடங்கிப்போச்சு. என்னன்னா, அந்த 1,500, எங்கயோ வடக்க ஒருத்தர ஏமாத்தின பைசா நாலஞ்சு கை மாறி வந்ததாம். அங்க உள்ளவரு சைபர் மோசடிக்கு உள்ள 1930 நம்பருக்கு ஃபோன் பண்ணி புகார் குடுத்திருக்காரு, அந்த ஊர் சைபர் போலீஸ் சங்கிலி மாதிரி எல்லா அக்கவுண்டையும் நிறுத்த சொல்லியிருக்காங்க. அதுல எந்தம்பி அக்கவுண்டும் ஒண்ணு.

புகார் குடுத்தவரு பாவம், அவரு மேல கோபம் இல்ல. ஆனா புகார்ல உள்ளது 1,500 தானே, அத மட்டும் பிடிச்சு வைக்கலாம்லா? முழு அக்கவுண்டையும் பூட்டியாச்சு. பாஸ்புக் மெஷின்ல வச்சா கர்ருன்னு சத்தம் போட்டு அடிச்சு தருது, வரவு 1,800ன்னு தெளிவா விழுந்திருக்கு, அடுத்த காலாண்டுக்கும் ஒரு 1,800. கண்ணால பாக்கலாம், கையால தொட முடியாது. கவுண்டர்ல கேட்டா, "நாங்க ஒண்ணும் செய்ய முடியாது, அந்த போலீஸ் ஸ்டேஷன்ல போய் கடிதம் வாங்கிட்டு வாங்க"ங்காவ. ரெண்டு ராத்திரி ரயில்ல இருக்கணும் அந்த ஊருக்கு போக. போக வர டிக்கெட்டுக்கே இந்த மூணு மாச உதவித்தொகை பத்துமான்னு கணக்கு போட்டு பாருங்க. எந்த பேங்குன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன், எல்லா பேங்கும் இப்படித்தான்னு கமெண்ட்ல நீங்களே எழுதப்போறீங்க.

பக்கத்துல, நம்ம களியக்காவிளை தாண்டினா கேரளா. அந்த ஹைகோர்ட் 2023லயே இதே மாதிரி வழக்குல சொல்லியாச்சு, போலீஸ் குறிப்பிட்ட தொகைய மட்டும் நிறுத்துங்க, முழு அக்கவுண்ட முடக்காதீங்கன்னு. அத பிரிண்ட் எடுத்துட்டு போய் எந்தம்பி காட்டினான். "இது கேரளா கோர்ட்டு"ன்னு ஒரு பதில். சரி சாரே, பைசா மட்டும் ஆறு மாநிலம் தாண்டி வரலாம், நியாயம் செக்போஸ்ட் தாண்டக்கூடாது!

பொறவு வீட்டுல நடந்தது. எங்கப்பா ரப்பர் பால் வெட்டுறவரு. விடியக்காலம் மூணு மணிக்கு தலையில லைட்ட கட்டிட்டு எறங்குற ஆளு, மழை பெஞ்சா வெட்டு கிடையாது, வெட்டு இல்லன்னா கூலியும் கிடையாது. தொகைய மட்டும் பிடிச்சு வைக்கிற லியன், முழு அக்கவுண்டையும் பூட்டுற ஃப்ரீஸ், இதெல்லாம் அவருக்கு என்ன தெரியும். போலீஸ்னு காதுல விழுந்த உடனே தம்பிய பாத்து, "லே, நீ என்னத்தல செஞ்ச?"ன்னு கேட்டாரு. அவன் ஒண்ணும் சொல்லல, சாப்பிட்ட தட்ட எடுத்து கழுவி வச்சிட்டு வெளிய போயிட்டான். அந்த ஆடியோவ கேக்கும்போது எனக்கு அந்த தட்டு தான் ஞாபகம் வந்துது. கள்ளன் கள்ளன்னு எவ்வளவு ஈசியா வருது வாயில.

இப்ப வருவீங்க தெரியும், "இதே பயலுவ தானே கமிஷனுக்கு அக்கவுண்ட வாடகைக்கு விடுதானுவ"ன்னு. உண்மை தான். ஏடிஎம் கார்டு, சிம் எல்லாம் சேத்து குடுத்திட்டு, ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு ஆசப்பட்டு, பொறவு கோர்ட்டு கேசுன்னு அலையுற பிள்ளைங்க நம்ம பக்கமும் உண்டு, இல்லன்னு சொல்லல. வேலைன்னு கூட்டிட்டு போய் கம்போடியாவுல உக்காத்தி வச்சு மோசடி கால் பண்ண வைக்கிறானுவளே, அதுல மாட்டினவங்கள்லயும் தமிழ்நாட்டு பிள்ளைங்க இல்லியா? ஆனா அது வேற இது வேற. அவன பிடிங்க. பாக்கிய குடுங்க.

பாக்கி நிக்குதுங்கிற விஷயமே ஒரு வியாபாரம் ஆகிப்போச்சு, அத யாராவது பேசுறீங்களா? எங்க கீழத்தெரு அத்தைக்கு ஒரு மக, காது கேக்காது, பிளஸ் டூ முடிச்ச பிள்ளை. மாற்றுத்திறனாளிகளுக்கு தொகை கொஞ்சம் கூடுதல், பத்தாவது வரைக்கும் 600, பிளஸ் டூவுக்கு 750, டிகிரிக்கு 1,000, பத்து வருஷம் வரைக்கும் கிடைக்கும். அந்த பிள்ளைக்கு காலாண்டுக்கு 2,250. ஒருக்கா வர லேட் ஆச்சு. அந்த நேரம் பாத்து அத்தைக்கு ஒரு ஃபோன், நல்ல தமிழ், நல்ல மரியாதை, "அம்மா உங்க மகளோட நிலுவை மொத்தமா சாங்ஷன் ஆயிடுச்சு, வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்ம் அனுப்புறேன், திறந்து விவரம் போடுங்க". அது ஃபார்ம் இல்ல, ஏபிகே ஃபைல், அதாவது ஃபோன்ல ஆப் ஏத்துற ஃபைல். அமுக்கின உடனே ஃபோன் அவன் கைக்கு போயாச்சு, வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கு தெரியுது. அத்தை அண்டிப்பருப்பு, அதான் முந்திரிப்பருப்பு, உடைச்சு சேத்து வச்சிருந்த பைசா போச்சு. இப்ப சொல்லுங்க, இந்த கதையில கள்ளன் யாரு? ஆடியோக்காரர் கணக்குப்படி அத்தையும் "கவர்மெண்டு பைசா வாங்குற கூட்டம்" தானே.

"உழைச்சு சேத்த பைசான்னா சரி, இது இனாம் தானே"ன்னு ஒருத்தர் போன பதிவுல கேட்டிருந்தாரு. அண்ணே, உழைச்சு கட்டின பைசாவுக்கு மட்டும் என்ன வாழுது? எங்க சித்தி அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரியில, வருஷக்கணக்கா வேலை பாத்தவ, சம்பளத்துல இஎஸ்ஐன்னு தொழிலாளர் காப்பீட்டுக்கு பிடிச்சாங்க. இஎஸ்ஐல 2018ல ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, பேர சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். வேலை போனா, ரெண்டு வருஷமாவது இன்ஷூரன்ஸ்ல இருந்தவங்களுக்கு சராசரி சம்பளத்துல பாதி, அதிகபட்சம் 90 நாள். முதல்ல கால்வாசி தான் இருந்துது, கொரோனா நேரத்துல பாதி ஆக்கினாங்க. ஆயுசுக்கும் ஒரே தடவ. கம்பெனிய பூட்டினாங்க, சித்தி வேலை போச்சு. ஆனா கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல "தானா நின்னுட்டாங்க"ன்னு ஏத்தி வச்சிட்டான். பூட்டின கேட்டுக்கு வெளிய நிக்குறவ தானா நின்னுட்டாளாம்! அத மாத்த அவன் கையெழுத்து வேணும், அவன் ஃபோன் எடுக்கமாட்டான். இதுக்கு மேல ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், இஎஸ்ஐ கார்டுல ஒரு ஸ்பெல்லிங். சித்தி கடைசியில "போட்டு மக்களே, எனக்கு வேண்டாம்"னுட்டா. இப்படி "வேண்டாம்"னு விட்ட பைசா எல்லாம் யாரு கணக்குல மிச்சம்னு ஒரு ஆடியோ போடுங்களேன் பெரியவரே.

"வேலைக்கு போக வேண்டியதுதானே, கேரளாவுக்கு போகலாம், கல்ஃப் போகலாம்." போகாமலா இருக்காங்க? நம்ம ஜில்லாவுல எந்த வீட்டுல ஒருத்தன் வெளிய இல்ல? எந்தம்பியும் மழையில்லாத நாள்ல அப்பா கூட பால் எடுக்க போவான், கல்யாண வீட்டுல பந்தி விளம்ப போவான். அத ஒருத்தன் ஃபோட்டோ எடுத்து குரூப்புல போட்டு, "வேலையில்லாதவரு விளம்புறாரு பாருங்க"ன்னு எழுதினான். ஒரு நாள் சாம்பார் வாளி தூக்கினா வேலை கிடைச்சாச்சு, தூக்கலன்னா தின்னுட்டு கிடக்கான். ரெண்டுல எதாவது ஒண்ண முடிவு பண்ணி சொல்லுங்க, அதுபடி நடந்துக்குறோம்.

"நம்ம வரிப்பணம்"ங்கிறவங்களுக்கு: தீப்பெட்டி வாங்குறவனும் வரி கட்டுறான், எங்கப்பாவும் தான். இதுக்கு மேல அதுக்கு பதில் இல்ல.

"கட்சி பேசுறியா"ங்கிறவங்களுக்கு: இல்ல. எந்த ஆட்சி வச்சாலும் பாக்கி பாக்கி தான், இன்னொரு பாக்கியையும் சொல்றேன். நூறு நாள் வேலைக்கு 2005 சட்டத்துலயே எழுதி வச்சாங்க, கேட்டு 15 நாளுக்குள்ள வேலை தரலன்னா வேலையில்லா படி, முதல் 30 நாள் கூலியில கால்வாசி, பொறவு பாதி. கூலி லேட்டானா ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு. 2024-25ல தமிழ்நாட்டு கூலி 319 ரூபா, அதுக்கு ஒரு நாள் நஷ்டஈடு கூட்டி பெருக்கி பாத்தா 16 பைசா. அந்த வருஷம் தான் 2025 ஜனவரியில முதலமைச்சர் பிரதமருக்கு 1,056 கோடி கூலி பாக்கின்னு கடிதம் எழுதினாரு. மண்ணு வெட்டின பாட்டிமாருக்கு பொங்கலுக்கு பைசா இல்ல. அப்போ யாரும் "கள்ளன்"னு ஆடியோ போடல, ஏன்னா பாக்கி வச்சது பாட்டி இல்ல. எவனாவது 600 ரூபா கூடுதலா வாங்கிட்டான்னா பிடிச்சு திரும்ப கட்ட வைப்பீங்க, சரி. நீங்க குடுக்க வேண்டியது நின்னா அதுக்கு 16 பைசா, எங்க 1,800க்கு அந்த 16 பைசா கூட கிடையாது.

ரொம்ப நீண்டு போச்சு. சாருமாரே, உங்க கைதட்டு பொம்மைய எடுக்க சொல்லல, இருக்கட்டும். ஆனா அந்த குரூப்புல எந்தம்பியும் இருக்கான், அவன் இன்னும் லெஃப்ட் ஆகல, நீங்க எழுதுறது எல்லாம் வாசிக்கான்.

சைபர் புகார்ல முடங்கின அக்கவுண்ட ஊர விட்டு போகாம திறந்தவங்க யாராவது இருந்தா, என்ன பேப்பர் குடுத்தீங்க, மெயில்ல பதில் வந்துதா, நம்ம லோக்கல் சைபர் ஸ்டேஷன்ல மனு வாங்கினாங்களான்னு கமெண்ட்ல எழுதுங்க. அக்கவுண்ட் நம்பர், ஆதார் ஒண்ணும் போடாதீங்க. "முடிச்சு தாறேன், ஜிபே பண்ணுங்க"ன்னு இன்பாக்ஸ்ல வர்றவன் எவனா இருந்தாலும் பிளாக் பண்ணுங்க, நேத்தே எனக்கு ரெண்டு பேரு வந்தாச்சு.