பெயர் வருமுன் விதி வரட்டும்

தன்னார்வ அமைப்புகளில் நிர்வாகக் குழுத் தேர்தல் முடிந்த மறுநாள் கிளம்பும் சண்டைகளைக் கவனித்துப் பாருங்கள். "அவருக்கு ஓட்டு உண்டா இல்லையா?" "ரெண்டு பேருக்கும் சம ஓட்டு, இப்ப என்ன பண்றது?" "கடைசி நாள்னா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும்னுதானே அர்த்தம்?" இவை ஒவ்வொன்றும் இரண்டு மாதம் முன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கவேண்டிய பேச்சு. போட்டியிடுபவர்களின் பெயர் தெரிந்தபின் அதே கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னாலும் அது யாருக்கோ சாதகமாகப் போய்விடும். சொல்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: வேட்புமனு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே எல்லா விதியும் எழுத்தில் இருக்கவேண்டும். தொடங்கியபின் ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாது. விதி மோசமானது என்று பாதியில் தெரியவந்தாலும் அதே விதியில் தேர்தலை முடித்துவிட்டு அடுத்த முறைக்குத் திருத்துங்கள்.

முதலில் வாக்காளர் பட்டியல். பாதித் தேர்தல் அங்கேயே முடிந்துவிடுகிறது. சந்தா கட்டும் அமைப்பில் கட்டியவருக்கு ஓட்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் தன்னார்வ அமைப்பில் உழைப்பவர் பலர் சந்தா கட்டியிருக்கமாட்டார்கள். கட்டியவர் பலர் வந்து எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அதற்காகத் துணைவிதியில் "தீவிரமாகச் செயல்படும் உறுப்பினர்" என்று எழுதி வைப்பார்கள். அந்தத் "தீவிரமாக" என்ற சொல்தான் பிறகு அமைப்பை இரண்டாக்கும். எண்ணிப் பார்க்கக்கூடியதை எழுதுங்கள்: கடந்த 12 மாதத்தில் மூன்று நிகழ்வில் பணியாற்றியவர், அல்லது இத்தனை மணி நேரம் பதிவானவர். எழுதும்போதே, அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். வருகைப் பதிவேடு வைக்காத அமைப்பு வருகையைத் தகுதியாக வைத்தால், கடைசியில் யாரோ ஒருவருடைய நினைவுதான் வாக்காளர் பட்டியல் ஆகிறது.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் தேர்தல்களில் வாக்காளர் மொத்தம் 300 தொகுப்புகள் (பக்கங்களில் செய்யும் திருத்தங்கள்), சமீபத்திய சில மாதங்களில் 20 தொகுப்புகள் என்று வரம்பு வைத்திருந்தார்கள். நிரல் ஒன்று ஓடிப் பார்த்துச் சொல்லிவிடும், வாக்குவாதத்துக்கு இடமில்லை. அதன் குறையும் தெரிந்ததே: கூட்டம் நடத்துபவர், பயிற்சி கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் போன்ற தொகுக்காத ஆட்கள் வெளியே நின்றுவிடுவார்கள். எண்ணக்கூடிய வரம்பு எதுவானாலும் சில நல்லவர்களை விட்டுவிடும். விடுபடும் வேலைகளுக்குத் தனியாக ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். வரம்பே இல்லாமல் விடுவது அதைவிட மோசம்.

அடுத்தது நறுக்குத் தேதி. எந்தத் தேதிக்குள் சேர்ந்தவருக்கு ஓட்டு என்பது தேர்தல் அறிவிப்புக்கு முந்திய தேதியாக இருக்கவேண்டும். அறிவிப்பு வந்தபின் சேர்ந்தாலும் ஓட்டுப் போடலாம் என்றால், ஆள் திரட்டத் தெரிந்தவர் திரட்டிவிடுவார். 2018-ல், தன்னார்வலர்கள் உருவாக்கும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அறக்கட்டளையில் தேர்தலை ஒட்டி ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 100 பேர் மொத்தமாக உறுப்பினரானது பெரிய விவாதமானது. சிறிய அமைப்பில் இது இன்னும் சுலபம்: 60 பேர் ஓட்டுப் போடும் இடத்தில் 20 புதுமுகம் வந்தால் போதும். 90 நாள் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. 30 நாள் போதாது, ஏனென்றால் தேர்தல் வரப்போகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்.

பட்டியலை ஓட்டெடுப்புக்கு நான்கு வாரம் முன்னால் உறுப்பினர்களுக்குள் வெளியிட்டு, பத்து நாள் ஆட்சேபம் வாங்கி, மூடிவிடுங்கள். இந்தப் பத்து நாளில்தான் உண்மையான குறைகள் தெரியும். பழைய மின்னஞ்சல், எழுத்துப்பிழையோடு ஏறிய முகவரி, ஒரே ஆள் இரண்டு முகவரியில். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். முகவரிக்கு ஒரு வாக்குச்சீட்டு என்று மென்பொருள் அனுப்பினால், இரண்டாமவரின் ஓட்டு யாருக்கும் தெரியாமல் காணாமல் போய்விடும். பெரும்பாலும் காணாமல் போவது மனைவியின் ஓட்டுதான். ஆகவே ஒரே முகவரி இரண்டு முறை வருகிறதா என்று பட்டியலை ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இனி எண்ணும் முறை. இதைப் பற்றித்தான் நம் அமைப்புகளில் மிகக் குறைவாகப் பேசுகிறோம், மிக அதிகமாக இழப்பதும் இங்கேதான். ஐந்து இடம், ஆளுக்கு ஐந்து ஓட்டு, அதிகம் வாங்கிய ஐந்து பேர் உள்ளே. பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. 100 பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வையுங்கள். 55 பேர் ஓர் அணி, 45 பேர் இன்னோர் அணி. முதல் அணியின் ஐந்து பேருக்கும் தலா 55 ஓட்டு, மற்ற ஐந்து பேருக்கும் தலா 45. ஐந்து இடமும் முதல் அணிக்கே. 45 பேருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. அரசாங்கத்தில் தோற்றவர்கள் எதிர்க்கட்சியாக உட்காருவார்கள். தன்னார்வ அமைப்பில் தோற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த 45 பேரில்தான் உங்கள் கணக்காளரும் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்பவரும் இருப்பார்கள்.

இதற்கு மாற்று ஒற்றை மாற்று வாக்கு முறை. ஆளுக்கு ஒரு சீட்டு. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தவேண்டும். ஜெயிக்கத் தேவையான ஒதுக்கு அளவு: செல்லும் ஓட்டுகளை இடங்களோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்று கூட்டவேண்டும். 100 ஓட்டு, 5 இடம்: 100-ஐ 6-ஆல் வகுத்தால் 16 சொச்சம், ஒன்று கூட்ட 17. அதே 55 பேர் இப்போது மூன்று பேரை அனுப்பலாம், ஏனென்றால் மூன்று 17 என்பது 51. 45 பேர் இரண்டு பேரை அனுப்பலாம், இரண்டு 17 என்பது 34. பெரும்பான்மை பெரும்பான்மையாகவே இருக்கிறது, சிறுபான்மையும் மேசையில் உட்காருகிறது.

எண்ணிக்கை எப்படி நகர்கிறது? ஒருவருக்கு முதல் விருப்பமாக 29 ஓட்டு விழுந்தால் அவர் ஜெயித்துவிட்டார், 12 உபரி. அந்த 12 எந்தச் சீட்டுகளில் இருக்கிறது என்று பொறுக்க ஆரம்பித்தால் சண்டை வரும். அதனால் 29 சீட்டையும் அதிலுள்ள இரண்டாம் விருப்பத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 12-ஐ 29-ஆல் வகுத்த மதிப்பு, அதாவது சுமார் 0.41 ஓட்டு என்று கொடுப்பார்கள். யாரும் ஒதுக்கு அளவை எட்டாத சுற்றில் கடைசியில் இருப்பவர் விலக, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 100 சீட்டு, எட்டு வேட்பாளர் என்றால் ஒரு மாலைப்பொழுதில் கையாலேயே எண்ணிவிடலாம். மென்பொருளில் எண்ணினால் எந்த வகை என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். மீக் முறை, ஸ்காட்லாந்து முறை என்று பல உண்டு. நெருக்கமான போட்டியில் கடைசி இடம் வகைக்கு வகை மாறலாம். முடிவைப் பார்த்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுத்ததாக ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அதைக் கழுவ முடியாது. சம ஓட்டு வந்தால் முந்தைய சுற்றுகளில் முன்னிலை பெற்றவர், அதுவும் சமமென்றால் குலுக்கல். இதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை தன் ஒன்பது இயக்குநர்களையும் ஆண்டுதோறும் இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கிறது. விக்கிமீடியா 2008-ல் ஷூல்ட்சே முறை (வரிசைப்படுத்திய சீட்டுகளைக் கொண்டு வேட்பாளர்களை இருவர் இருவராக ஒப்பிடுவது), பிறகு ஆதரவு, நடுநிலை, எதிர்ப்பு என்ற முறை என்று போய், 2021-ல் ஒற்றை மாற்று வாக்குக்கு வந்தது. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க ஷூல்ட்சே அருமையானது. தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் தன் தலைவரை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் பல இடங்களுக்கு அதைப் போட்டால் பெரும்பான்மை விரும்பும் ஒரே மாதிரி ஆட்கள் வரிசையாக உள்ளே வந்துவிடுவார்கள். பிடித்தவர்களுக்கெல்லாம் குறி போடும் ஒப்புதல் வாக்கும் அப்படியே.

ஆண்டுதோறும் சில இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடத்தும் சுழற்சி முறை வைத்திருக்கும் அமைப்புகள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஒன்பது இடத்துக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் என்றால் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஆதரவு உள்ள குழு ஒருவரை அனுப்பிவிடும். ஆண்டுக்கு மூன்று இடம் என்று பிரித்தால் அதே குழுவுக்கு 25 சதவீதத்துக்கு மேல் தேவை. அனுபவம் தொடர்வதற்காகச் சுழற்சி வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு இந்த விலை இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஆட்கள் குவிந்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால் லினக்ஸ் கணினித்திரை மென்பொருளை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளை மாதிரி உச்சவரம்பு வைக்கலாம். அங்கே 40 சதவீதம். ஏழு இடம் என்றால் அதிகபட்சம் இரண்டு பேர்.

தேர்தலை நடத்துபவர்கள் மூன்று பேர் போதும். போட்டியிடக் கூடாது, யாரையும் வழிமொழியக் கூடாது, வேட்பாளரின் வீட்டாராக இருக்கக் கூடாது. இருக்கும் நிர்வாகக் குழுவே தேர்தலை நடத்துவது, அதிலும் அதன் உறுப்பினர்கள் மறுபடி நிற்கும்போது, கட்டாயம் கூடாது. வேறு ஆளே கிடைக்கவில்லை என்பார்கள். நட்பான இன்னோர் அமைப்பிலிருந்து ஒருவரைக் கேளுங்கள், பெரும்பாலும் வருவார்கள்.

காலக்கெடுவுக்கு டெபியன் அமைப்புவிதி நல்ல அளவுகோல்: ஒரு வாரம் வேட்புமனு, மூன்று வாரம் பிரசாரம், இரண்டு வாரம் ஓட்டெடுப்பு. மனுவே வரவில்லை என்றால் இன்னொரு வாரம் நீட்டிக்கும் விதியும் உண்டு. தேதியோடு மணியையும், எந்த நேர மண்டலம் என்பதையும் எழுதுங்கள். "23:59 யூ.டி.சி." (உலகப் பொது நேரம்) என்ற ஒரு வரி இல்லாமல் தாமதமாக வந்த மனுவைப் பற்றி ஒரு வாரம் பேசிய அமைப்புகள் உண்டு.

பிரசார வாரங்களில் எல்லா வேட்பாளருக்கும் ஒரே ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 150 சொல், எல்லாப் பதிலும் ஒரே நேரத்தில் வெளியீடு. "மாதம் எத்தனை மணி நேரம் தருவீர்கள்?", "இந்த அமைப்பிலிருந்தோ இதனோடு தொடர்புள்ளவரிடமிருந்தோ பணம் பெறுகிறீர்களா?", "கடந்த ஆண்டுக் கணக்கறிக்கையில் உங்களுக்கு எது கவலை தருகிறது?" மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். களத்தில் மிகச் சிறப்பாக உழைப்பவர் குழுவில் சிறப்பாக இருப்பார் என்று நாம் பாசத்தில் நினைத்துவிடுகிறோம். குழுவின் வேலை வரவுசெலவைப் படிப்பது, சட்டப்படியான படிவங்களை நேரத்தில் அனுப்புவது, சங்கடமான முடிவுக்குப் பொறுப்பேற்பது. அதில் விருப்பமில்லாத நல்ல உழைப்பாளியை அங்கே உட்காரவைத்தால் நல்ல உழைப்பாளி ஒருவரை இழக்கிறோம், குழுவிலும் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

வாக்குச்சீட்டுக்கு கூகுள் படிவத்தைப் பயன்படுத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மின்னஞ்சலைப் பதிவு செய்தால் யார் யாருக்குப் போட்டார் என்பது படிவத்தின் சொந்தக்காரருக்குத் தெரியும். பதிவு செய்யாமல் விட்டால், ஆளுக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினாலும் ஒருவரே பல கணக்குகளிலிருந்து போடலாம். எப்படிப் பார்த்தாலும், ஓட்டு விழ விழ எண்ணிக்கை அவர் கண்ணில் படுகிறது. யாரை இன்னும் கொஞ்சம் உந்தவேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஆளுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் தனி இணைப்பு அனுப்பும் சேவைகள் உண்டு. ஹீலியோஸ் போன்றவற்றில் தன் ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்பதை வாக்காளரே சரிபார்க்கலாம். எதுவானாலும் மூன்று போலி வாக்காளர்களை வைத்து ஒத்திகை பாருங்கள். இணைப்பு ஸ்பேமில் போய் விழுவது அப்போதே தெரியும். சீட்டில் பெயர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில் வரட்டும், முதல் பெயருக்குச் சும்மா விழும் ஓட்டு பரவிப்போகும்.

வரிசை ஓட்டுச் சீட்டுகளை அப்படியே வெளியிட்டால் யாரும் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். ஆனால் 30 பேர் கொண்ட சிறு அமைப்பில் யோசித்துச் செய்யவேண்டும். எட்டு வேட்பாளரை 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம். "என் ஆளை முதலில் போட்டு, மற்ற ஏழு பேரையும் நான் சொல்லும் வரிசையில் போடு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் சொன்னபடி போட்டாரா என்பதைக் காட்டிக்கொடுக்கும் கையெழுத்தாக அந்த வரிசையே ஆகிவிடும். சிறிய இடத்தில் சுற்றுவாரியான கணக்கை மட்டும் வெளியிட்டு, சீட்டுகளை வேட்பாளர்களின் பிரதிநிதிகள் பார்க்க அனுமதிப்பது பாதுகாப்பு.

ஐந்து இடத்துக்கு ஐந்து பேர்தான் நின்றால்? "போட்டியின்றித் தேர்வு" என்று கைதட்டி முடித்துவிடுகிறோம். அப்போதும் ஓட்டெடுப்பு வேண்டும், "இவர்களில் யாரும் வேண்டாம்" என்ற வரியோடு. டெபியனில் ஒரே வேட்பாளர் நின்றாலும் அந்த வரியை அவர் வென்றாகவேண்டும். குறைந்தபட்ச ஆதரவுக்கும் அங்கே சூத்திரம் உண்டு: உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதைப்போல் மூன்று மடங்கு. 1,000 பேர் என்றால் 48 பேராவது அந்த வரிக்கு மேலாக அவரை வைத்திருக்கவேண்டும். தன்னார்வ அமைப்பில் பாதிப் பேர் வரவேண்டும் என்று குறைந்தபட்ச வருகை (கோரம்) வைத்தால் தேர்தல் நடக்கவே நடக்காது. வர்க்கமூலக் கணக்கு கைக்கெட்டும் அளவில் இருக்கிறது.

முடிவோடு நான்கு எண்களையும் வெளியிடுங்கள்: பட்டியலில் எத்தனை பேர், எத்தனை இணைப்பு போய்ச் சேர்ந்தது, எத்தனை ஓட்டு, எத்தனை செல்லாதவை. முறையீட்டுக்கு 14 நாள். அதுவரை சீட்டுகள் தேர்தல் குழுவிடம் மட்டும் இருக்கட்டும், பிறகு அழித்துவிடலாம். ஆனால் நடுவில் யாராவது ராஜினாமா செய்தால் பழைய சீட்டுகளை மறுபடி எண்ணி இடத்தை நிரப்புவதாக உங்கள் விதி சொன்னால், பெயர்களிலிருந்து பிரித்த சீட்டுகளைப் பதவிக்காலம் முடியும்வரை வைத்திருக்கவேண்டும். விலகியவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் அதில் இருக்கிறது. அந்த விதி இல்லாத இடங்களில் மீதமிருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியவரை நியமித்துக்கொள்கிறார்கள். இரண்டு ராஜினாமாவுக்குப் பிறகு குழுவின் முகமே மாறிவிடுகிறது. நியமனம்தான் வழி என்றால், நியமிக்கப்பட்டவரின் காலம் அடுத்த தேர்தல் வரைதான் என்று இப்போதே எழுதிவிடுங்கள், யார் விலகப்போகிறார் என்று யாருக்கும் தெரியாத இந்த நேரத்தில்.