ஊசி கொடுத்ததால் எச்ஐவி பரவவில்லை, தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) போதை ஊசி போடுபவர்களுக்கு இலவசமாகப் புது ஊசி கொடுத்த பிறகுதான் எச்ஐவி எகிறியது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழ். ஆளுநர் அவசரநிலை அறிவித்தது 2015 மார்ச் 26. அன்றைக்கே 79 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும் ஊசி மாற்று மையம் திறந்தது ஏப்ரலில். அதுவரை அங்கே ஊசி விநியோகத்துக்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை.

பரவிய விதம் வேறு. போதைக்காக ஆக்சிமார்ஃபோன் என்ற வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே ஊசியில் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நான்கிலிருந்து பதினைந்து தடவை. சில குடும்பங்களில் மூன்று தலைமுறையும் சேர்ந்தே.

சரி, நவம்பருக்குள் 181 ஆனதே என்பீர்கள். வீடு வீடாகத் தேடிப் பரிசோதித்தால் மறைந்திருந்ததெல்லாம் கணக்கில் ஏறத்தானே செய்யும்? இலவச எச்ஐவி பரிசோதனை செய்துவந்த கிளினிக்கை 2013-லேயே மூடியிருந்தார்கள். தேட ஆளில்லாத வருடங்களின் சின்ன எண்ணை ஆரோக்கியத்துக்குச் சான்றாக எடுக்க முடியாது. (தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்தது; அதுவும் ஊசியைப் பகிர்ந்தால் பரவும் கல்லீரல் தொற்று. கவனிக்க வேண்டிய எண் அதுதான்.)

2020-ல் அங்கே புதிய எச்ஐவி தொற்று ஒன்றே ஒன்று. அதற்கடுத்த வருடமே ஊசித் திட்டத்தை நிறுத்த கவுண்டி ஆணையர்கள் இரண்டுக்கு ஒன்று என வாக்களித்தார்கள். நண்பர் அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.