எழுபதாவது இடம் என்பது தீர்ப்பு அல்ல

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணையவழி இசைக் கேட்பு அமர்வில் நடந்ததை உங்களில் பலர் நேரடியாகப் பார்த்தீர்கள் என்பதால் முழுக் கதையையும் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. என் முறை வந்தபோது நான் ஒலிக்கவிட்ட பாடல் பாதியில் நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் இசையை நன்கு அறிந்தவர், நான் மதிப்பவர், பெயரைச் சொல்ல விரும்பவில்லை. "ஹிட் ஆகாத பாட்டு ஹிட் ஆகாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கும். காலமே ஒதுக்கிவிட்டதை எதற்குக் கிளறுகிறீர்கள்?" என்று அவர் கேட்டார். பலர் சிரித்தார்கள். நான் அப்போது எதுவும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

அந்தப் பாடல் 1967ல் சாஜிட்டேரியஸ் என்ற பெயரில் வெளிவந்த 'மை வேர்ல்ட் ஃபெல் டவுன்'. அப்படி ஒரு குழு உண்மையில் இருக்கவில்லை. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் கேரி அஷர் ஸ்டூடியோவில் ஆட்களைச் சேர்த்து உருவாக்கிய பாடல் அது. பீச் பாய்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவின் பிரையன் வில்சனோடு சேர்ந்து 'இன் மை ரூம்' எழுதியவர் அவர்தான். முதன்மைக் குரல் க்ளென் கேம்பல் என்ற, அப்போது இன்னும் பெருநட்சத்திரமாகாத ஒரு ஸ்டூடியோ கிட்டார் கலைஞருடையது. அடுக்கடுக்கான குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து வந்து, நடுவில் திடீரென்று இசை அறுந்து, காளைச் சண்டை மைதானத்தின் ஆரவாரமும் அதோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத வேறு ஒலிகளும் புகுந்து, பிறகு மறுபடியும் அந்தக் குரல்கள் எதுவுமே நடக்காததுபோல் திரும்பி வரும். காதல் முறிந்தவனின் உலகம் இடிந்து விழுவதைச் சொல்லும் பாட்டில் அந்த இடிபாட்டையே ஒலியாக்கிக் காட்டும் இடம் அது. ஞாயிறன்று பாடல் நிறுத்தப்பட்டது சரியாக அந்த இடத்தில்தான். குரல்கள் திரும்பி வருவதை அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் ஹிட் வரிசையான பில்போர்டு பட்டியலில் அது 70ஆம் இடத்தைத் தாண்டவில்லை என்று நான் முன்னுரையில் சொன்னதே எனக்கு எதிராகத் திரும்பியது.

அந்த நடுப்பகுதி 1968ல் வந்த அதே பெயர்க் குழுவின் ஆல்பத்தில் கிடையாது. ஆல்பத்தை மட்டும் வாங்கியவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரிந்திருக்காது. ஒற்றைப் பாடல் தட்டில் மட்டும் இருந்த வடிவத்தைப் பின்னால் வந்தவர்களுக்குக் கொண்டுசேர்த்தது, 1972ல் எலெக்ட்ரா என்ற இசைத்தட்டு நிறுவனம் அறுபதுகளின் பாடல்களைத் திரட்டி வெளியிட்ட 'நகெட்ஸ்' என்ற தொகுப்பு. அந்தத் தொகுப்பு இல்லையென்றால் எனக்கு அந்தப் பாடல் இல்லை. இதைத்தான் நான் அன்று சொல்ல வந்தேன், சொல்ல விடவில்லை.

கேட்கப்படாத பாடலும் கேட்டுவிட்டு ஒதுக்கப்பட்ட பாடலும் ஒன்றல்ல. என் வாதம் மொத்தமும் இதுதான். 1960களில் ஒரு பாடல் நாடு முழுவதும் ஒலிக்க வேண்டுமானால் வானொலி நிலையங்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், தட்டு அச்சிடப் பணம் வேண்டும், அச்சிட்ட தட்டைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் ஒரு நகரத்து வானொலியில் முதலிடத்தில் இருந்த பாடல் அடுத்த மாநிலத்தில் ஒருமுறைகூட ஒலிக்காமல் போனது அப்போது வழக்கமான செய்தி. பாடலை ஒலிபரப்புவதற்கு வானொலிக்காரர்கள் பணம் வாங்கினார்கள் என்பது வதந்தி அல்ல. 1960ஐ ஒட்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே அதை விசாரித்தது. ராக் அண்ட் ரோலைப் பரப்பியவராகக் கொண்டாடப்படும் ஆலன் ஃப்ரீட் 1962ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட சல்லடையில் சலித்து வந்த வரிசையைக் காலத்தின் தீர்ப்பு என்று ஒருவர் சொல்லும்போது, அவர் காலத்தைப் பற்றிப் பேசவில்லை, சந்தையைப் பற்றிப் பேசுகிறார். அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம்.

காலம்தான் நீதிபதி என்றால் இதற்கும் பதில் சொல்லட்டும். குளோரியா ஜோன்ஸ் 1965ல் 'டெய்ன்டட் லவ்' பாடினார். அது ஒரு தட்டின் பின்பக்கத்தில் வந்தது, யாரும் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் விலைபோகாத, கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசைத் தட்டுகளான இப்படிப்பட்டவற்றைத் தேடிப்பிடித்து வட இங்கிலாந்தின் நடன அரங்குகளில் ஒலிக்கவிட்ட ஒரு கூட்டம் இருந்தது. விகன் கசீனோ போன்ற அரங்குகளில் இளைஞர்கள் இரவு முழுக்க அவற்றுக்கு ஆடினார்கள். போட்டியாளர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தட்டின் பெயரை மறைத்து வைத்து ஒலிக்கவிட்ட டிஜேக்களும் உண்டு. 1981ல் சாஃப்ட் செல் என்ற இருவர் குழு அதே பாடலைத் தங்கள் பாணியில் பாடி பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டு போனது. 1965ல் கழித்துப்போட்ட பாடலும் 1981ல் முதலிடம் பெற்ற பாடலும் ஒரே பாடல். இரண்டில் எது தீர்ப்பு? தேடுவதற்கு யாரோ சிலர் இருந்தார்கள் என்பதைத் தவிர நடுவில் வேறு என்ன மாறியது?

எனக்குத் தொகுப்புகள்மீது இவ்வளவு பிடிப்பு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி நாட்களில் என் அண்ணனின் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் ஒரு கேசட்டை விட்டுப் போனார். அதன் மேல் நீல மையில் 'அறுபதுகள்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாடல்களின் பெயரும் இல்லை, பாடியவர்களின் பெயரும் இல்லை. அதில் ஒரு பாடல், கூச்சலாகவும் துள்ளலாகவும் இருந்த ஒன்று, என்னை விடவேயில்லை. கேட்ட எல்லோரும் அது பீட்டில்ஸ் என்றே சொன்னார்கள். குரலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பீட்டில்ஸின் எந்த ஆல்பத்திலும் அது இல்லை. பல வருடம் கழித்து 'நகெட்ஸ்' குறுந்தகட்டுப் பெட்டி கைக்கு வந்தபோதுதான் அது நிக்கர்பாக்கர்ஸ் என்ற நியூஜெர்சிக் குழுவின் 'லைஸ்' என்று தெரிந்தது. 1965ல் வந்த பாடல் அது. கூடவே இருந்த சிறு புத்தகத்தில் குழுவின் வரலாறு, படம், வெளியிட்ட நிறுவனம் எல்லாம் அச்சாகியிருந்தன. இவ்வளவு காலம் முகமில்லாமல் என் தலைக்குள் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று முகம் கிடைத்தது. அந்தப் புத்தகத்தை நான் வாசித்ததுபோல் சில நாவல்களைக்கூட வாசித்ததில்லை. இந்த அனுபவத்தைக் குப்பை கிளறுவது என்று ஒருவர் அழைத்தால் எனக்கு வலிக்கும். வலிக்கிறது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இது வெறும் பழைய நினைவு ஏக்கம்தானே என்று சிலர் சொல்வார்கள். 1965ல் நான் பிறக்கவே இல்லை. கேட்டேயிராத ஒன்றுக்கு ஒருவர் ஏங்க முடியாது. பழைய ஹிட் பாடல்களையே திரும்பத் திரும்பக் கேட்பவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஆல்பத்தின் சூழலிலிருந்து பாடலைப் பிய்த்து எடுக்கிறீர்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. நான் பேசும் பாடல்களில் பெரும்பாலானவை ஆல்பத்துக்காகப் பிறந்தவையே அல்ல. ஒரு பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறிய தட்டுக்காக, இரண்டரை நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தவை. பல குழுக்களுக்கு ஆல்பம் பதிவுசெய்யும் வாய்ப்பே வரவில்லை. வந்தவர்களின் ஆல்பங்களிலும் ஓரிரு நல்ல பாடல்கள்தான் இருக்கும், மற்றவை இடத்தை நிரப்ப வந்தவை. எலெக்ட்ராவின் நிறுவனர் ஜாக் ஹோல்ஸ்மன் 'நகெட்ஸ்' தொகுப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதே இதனால்தான்.

பிளேலிஸ்ட் இருக்கும்போது தொகுப்பு எதற்கு என்ற கேள்விதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. பிளேலிஸ்டில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட பாடல்தான் வரும். மூல நாடா தொலைந்துபோன பாடலை யார் ஏற்றுவார்கள்? ஒரு தொகுப்பாளர் முதலில் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை வெளியிட்ட, எப்போதோ மூடப்பட்டு வேறு யாருக்கோ விற்கப்பட்டு, அவரும் இன்னொருவருக்கு விற்றுவிட்ட சிறு நிறுவனத்தின் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும். மூல நாடா கிடைக்காவிட்டால் கீறல் குறைந்த தட்டு ஒன்றைச் சேகரிப்பாளரிடம் இரவல் வாங்கி அதிலிருந்து ஒலியை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒற்றைப் பாடல் தட்டின் மோனோ கலவையா, ஆல்பத்தின் ஸ்டீரியோ கலவையா என்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இரண்டும் சில நேரம் இரண்டு வெவ்வேறு பாடல்கள். நான் சொன்ன சாஜிட்டேரியஸ் பாடலே அதற்குச் சாட்சி. இணையத்தில் 'அசல் ஹிட்' என்று போட்டிருப்பதைத் திறந்தால், அதே பாடகர் இருபது வருடம் கழித்து மலிவான சிந்தசைசரோடு மறுபதிவு செய்த வடிவம் வரும். அதைக் கேட்டுவிட்டு "சுமார்தான்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். பாடலின் மேல் தீர்ப்பு எழுதுகிறவர்கள் எந்தப் பாடலைக் கேட்டோம் என்பதையாவது சரிபார்க்க வேண்டாமா?

தொலைக்காட்சி விளம்பரத்தில் விற்ற, ஒரு தட்டில் இருபது பாடல்களைத் திணிப்பதற்காகப் பாட்டின் வாலை வெட்டிய தொகுப்புகளும் இருந்தனவே என்று கேட்பீர்கள். இருந்தன. நான் அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

தேடி எடுப்பவற்றில் பாதி சாதாரணப் பாடல்கள்தான் என்பது அடுத்த வாதம். ஹிட் பட்டியலில் பாதி சாதாரணப் பாடல்கள் இல்லையா? அங்கே மட்டும் ஏன் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை?

'நகெட்ஸ்' தொகுப்பை உருவாக்கிய லென்னி கே அப்போது இசை பற்றி எழுதிக்கொண்டும் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டும் இருந்தவர். பிறகு பேட்டி ஸ்மித் என்ற அமெரிக்கப் பாடகியின் குழுவில் கிட்டார் வாசித்தார். 27 பாடல்கள், இரண்டு தட்டுகள், ஒவ்வொரு பாடலுக்கும் அவரே எழுதிய குறிப்பு. தொகுப்பின் முன்னுரையில் அவர் 'பங்க் ராக்' என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது, பின்னால் அந்தப் பெயரோடு வந்த அலை இன்னும் எழவில்லை. அந்தத் தொகுப்பும் வெளிவந்த நேரத்தில் பெரிதாக விற்கவில்லை. 1976ல் இன்னொரு நிறுவனம் மறுபடி வெளியிட்டது, 1998ல் ரைனோ நிறுவனம் அதை 118 பாடல்களாக விரித்தது. ஞாயிறன்று பாடலை நிறுத்திய நம் நண்பரின் அளவுகோலை வைத்தால் 1972லேயே அதையும் தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

இந்த 'நகெட்ஸ்' உலகம் பெரும்பாலும் கிட்டார் பிடித்த பையன்களின் உலகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே தசாப்தத்தில் பாடிய இளம்பெண்கள் எங்கே போனார்கள்? 2005ல் ரைனோ 'ஒன் கிஸ் கேன் லீட் டு அனதர்' என்ற பெயரில் நான்கு குறுந்தகடுகளில் 120 பாடல்களைத் தொப்பி வைக்கும் வட்டப் பெட்டியின் வடிவில் கொண்டுவந்தது. ஒருசில குழுக்களின் ஒருசில ஹிட் பாடல்களோடு அந்தப் பெண்களின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெட்டி பெரிய அதிர்ச்சி. அவர்களில் பலர் பாடும்போது பள்ளி மாணவிகள். ஒரு தட்டு விற்கவில்லை என்றதும் அடுத்த வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான் அவர்களுடைய இசை வாழ்க்கை. பதினேழு வயதில் ஒரு பெண் உயிரைக் கொடுத்துப் பாடிய இரண்டரை நிமிடத்தைக் காலம் ஒதுக்கிவிட்டது என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? காலம் என்று ஓர் ஆள் எங்கேயும் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவில்லை. கேட்பதும் நாம்தான், நிறுத்துவதும் நாம்தான்.

ஒரு பொழுதுபோக்கு விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று என் நலம் விரும்பிகளே கேட்கிறார்கள். 1970ல் ராட்ரிகஸ் என்ற டெட்ராய்ட் பாடகர் 'கோல்ட் ஃபேக்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் யாரும் வாங்கவில்லை. அவர் கட்டட வேலைக்குப் போனார். தென்னாப்பிரிக்காவில் தன் பாடல்களை ஒரு தலைமுறையே மனப்பாடமாக வைத்திருந்தது அவருக்கே நெடுங்காலம் தெரியாது. 2002ல் டேவிட் ஹோம்ஸ் என்ற டிஜே தன் தொகுப்பு ஒன்றில் 'சுகர் மேன்' பாடலைச் சேர்த்தார், 2008ல் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்தது, பிறகு ஆவணப்படமும் வந்தது. 2023ல் இறப்பதற்கு முன் அவர் தன் சொந்த நாட்டிலும் தன் பாடல்களுக்குக் கைதட்டல் கேட்டார். ஆனால் அப்போது அவர் அறுபது வயதைக் கடந்துவிட்டார். நடுவில் போன அந்த முப்பது நாற்பது வருடங்களை யார் அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்? நான் கோபப்படுவது ஒரு பாடல் நிறுத்தப்பட்டதற்காக மட்டும் அல்ல. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது என்றால் பொறுத்துக்கொள்வேன், ராட்ரிகஸ் போன்றவர்களையும் சேர்த்துச் சிரித்தது என்பதால்தான் பொறுக்க முடியவில்லை.

அறுபதுகளில் இருபது வயதில் பாடியவர்கள் இன்று எண்பதை நெருங்கிக்கொண்டும் கடந்துகொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் யாருடைய பாடலையாவது இந்த வாரம் பகிர்கிறீர்கள் என்றால், எந்தத் தொகுப்பிலிருந்து கிடைத்தது, தொகுத்தவர் யார் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். என் பழைய பதிவுகளில் விடுபட்ட பெயர்களை நேற்றிரவிலிருந்து நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.