ரைபிள் சங்கத்தின் வரவு செலவு வீரர்களின் கைக்கு வர வேண்டும்

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. மனு பாக்கர் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து ஒன்றும் வென்றார். ஸ்வப்னில் குசாலே மூன்றாவதை வென்றார். அன்றிலிருந்து இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் நிர்வாகத்தைப் பற்றி யார் வாய் திறந்தாலும், "பதக்கம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" என்ற பதில் தயாராக இருக்கிறது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 2016-இல் ரியோவுக்கு 12 பேர் சென்று வெறுங்கையோடு திரும்பினார்கள்; டோக்கியோவுக்கு 15 பேர் சென்றபோதும் அதுவே நடந்தது; 2024-இல் 21 பேர் சென்று மூன்று வெண்கலம் கொண்டுவந்தார்கள். பதக்கம் ஒரு நாளின் மனநிலையிலும் ஒரு குண்டின் போக்கிலும் கைகூடும், கைநழுவும். சங்கம் கணக்குக் காட்ட வேண்டிய கடமை அப்படி வந்து போவதன்று. அது பதக்கம் வந்த ஆண்டிலும் உண்டு, வராத ஆண்டிலும் உண்டு.

மக்களவையின் முதல் சபாநாயகரான ஜி.வி. மாவலங்கரின் முயற்சியில் 1951-இல் தொடங்கப்பட்ட இந்தச் சங்கத்தை, பிடித்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் விலகிவிடலாம் என்னும் ஒரு தனியார் மன்றமாகக் கருத முடியாது. தேசியப் போட்டியை நடத்துவதும் இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பதும் அதுதான். அதற்கும் மேலாக, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், "புகழ்பெற்ற சுடுநர்" என்ற தகுதியைப் பெற, தேசியப் போட்டியில் கலந்துகொண்டு இந்தச் சங்கம் வகுத்த குறைந்தபட்ச மதிப்பெண்ணை எட்டியிருக்க வேண்டும் என்கின்றன. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு தோட்டா வாங்கலாம் என்பவையெல்லாம் அந்தத் தகுதியைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே சங்கத்தோடு மனம் கசந்த ஒரு வீரர் வேறு சங்கத்துக்குப் போய்விட வழியில்லை; வேறு சங்கமே இல்லை. அரசு தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஓர் அமைப்பின் கையில் ஒப்படைத்திருக்கும்போது, அந்த அமைப்பின் கணக்கேட்டை அதன் சொந்த விவகாரம் என்று சொல்லி மூடி வைக்க முடியாது.

இந்த விளையாட்டுக்குள் பணம் எப்படிக் கரைகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிவது அரிது. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் ஒரு போட்டிக்கு அறுபது குண்டுகள். அதற்கு முன் குறி சரிபார்க்கச் சுடுபவை தனி. இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதால், கைக்கு வந்த பெல்லட் டப்பாவை அப்படியே திறந்து சுட்டுவிட முடியாது. ஒரே நிறுவனம் தயாரித்த பெல்லட்டிலேயே வெவ்வேறு லாட்களை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிகளை, வாங்கி, துப்பாக்கியைப் பிடிப்பானில் பொருத்திச் சுட்டுப் பார்த்து, எந்த லாட்டின் குண்டுகள் ஒரே துளையில் விழுகின்றன என்று கண்டறிந்து, கிடைத்தால் அந்த லாட்டிலேயே மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும். காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் ட்ராப் பிரிவில் செலவு இன்னும் கடுமை. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். நாளொன்றுக்கு நான்கு சுற்றுப் பயிற்சி என்றால் நூறு தட்டுகள். ஒவ்வொன்றையும் முதல் குண்டிலேயே உடைத்தாலும் நூறு தோட்டாக்கள் தீர்ந்துவிடும், தவறினால் இரண்டாவது குண்டும் போகும். இதனுடன் ஜாக்கெட், காற்சட்டை, காலணி, ரேஞ்ச் என்னும் சுடுதளத்துக்கான கட்டணம், பயிற்சியாளர் சம்பளம், மாவட்டப் போட்டியில் தொடங்கித் தேசியப் போட்டி வரை ஒவ்வொரு படியிலும் நுழைவுக் கட்டணம், ரயில் செலவு, தங்குமிடம் என்று பட்டியல் நீள்கிறது. இந்திய அணிக்குள் நுழையும் நாள் வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் சுமப்பது குடும்பம்தான். நகையை அடகு வைத்துத் துப்பாக்கி வாங்கிய வீடுகள் இந்த விளையாட்டில் ஒன்றிரண்டு அல்ல.

அப்படிப்பட்ட குடும்பங்கள் கட்டிய நுழைவுக் கட்டணம் எங்கே போயிற்று என்று கேட்பதில் என்ன குற்றம் இருக்கிறது? ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் தேசியப் போட்டி ஒன்றில் கட்டணமாக வந்த தொகை எவ்வளவு, ரேஞ்சுக்கும் மின்னணு இலக்குகளுக்கும் நடுவர் படிக்கும் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சம் இளையோர் பயிற்சிக்குப் போனதா, அலுவலகச் செலவில் கலந்ததா என்பதை ஒரு தகப்பனோ தாயோ சங்கத்தின் இணையதளத்தில் இரண்டு நிமிடங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். "போட்டிச் செலவு" என்ற ஒற்றை வரியில் ஒரு பெருந்தொகையை எழுதி, கீழே தணிக்கையாளர் கையெழுத்திட்டுவிட்டால், கூட்டல் சரி என்பது தெரியும். செலவு நியாயமானதுதானா என்பது தெரியாது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் இதையே சொல்வேன். எத்தனை வீரர்கள் போனார்கள், எத்தனை பயிற்சியாளர்கள் போனார்கள், எத்தனை நிர்வாகிகள் போனார்கள், ஒவ்வொரு வகையினரின் செலவையும் யார் ஏற்றார்கள் என்பதைத் தனித்தனியாகக் காட்டுவது பெரிய வேலையே அன்று.

தோட்டா விஷயம் இன்னும் நுட்பமானது. தரமான போட்டித் தோட்டா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது; உரிமம், இறக்குமதி அனுமதி, சுங்கம் என்று பல கதவுகளைக் கடந்தே வீரரின் கைக்குச் சேர்கிறது. சங்கத்தின் வழியாக வரும் தோட்டாவின் அடக்க விலை என்ன, வீரரிடம் வாங்கிய விலை என்ன, நல்ல லாட் யார் யாருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது என்ற மூன்று விவரங்களும் பொதுவில் இருந்தால், அதைச் சுற்றி எழும் மனத்தாங்கலில் பாதி எழாமலே போகும். இங்கே பணக் கணக்கும் திறமைக் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. நல்ல லாட் கிடைக்காத பிள்ளை இழந்த புள்ளிகள் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

"அரசு பணம் கொடுக்கிறது, அரசே தணிக்கை செய்கிறது, உங்களுக்கு ஏன் கவலை?" என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தயாரிப்புக் காலத்தில் துப்பாக்கி சுடுதலுக்கு ஒன்றிய அரசு செலவிட்டதாக அறிவித்த தொகை சுமார் 60 கோடி ரூபாய். இந்த மானியத்துக்கு ஈடாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சான்றிதழ் பேசுவது அரசு கொடுத்த பணத்தைப் பற்றி மட்டுமே. நுழைவுக் கட்டணம், மாநிலச் சங்கங்களின் இணைப்புக் கட்டணம், விளம்பரதாரர் பணம், நன்கொடை என்று சங்கம் தானாகத் திரட்டுவது அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறது. வீரர்களின் குடும்பங்கள் கொடுத்த பணம் இருப்பது இந்த இரண்டாவது பையில்தான். 2025-இல் துப்பாக்கி சுடுதலுக்கென ஒரு லீக் போட்டியும் அறிவிக்கப்பட்டுவிட்டதால், இந்தப் பை இனி கனக்கத்தான் போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சங்கம் என்பது இங்கே தேவையில்லை. வரவு செலவு அறிக்கையின் நகல்கள் வரிசைக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்டன. முன்வரிசையில் இருந்தவர் புரட்டிப் பார்த்துப் பக்கத்தில் தள்ளினார், அது எங்கள் வரிசைக்கு வந்து சேர்வதற்குள் "அங்கீகரிக்கிறோமா?" என்று மேடையில் கேட்டுவிட்டார்கள், சிலர் கை உயர்த்தினார்கள், உடனே ஓர் ஊழியர் வந்து நகல்களைத் திரும்பச் சேகரித்துக்கொண்டு போனார். ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் வந்து பாருங்கள் என்றார். கணக்கில் தவறு இருந்தது என்று நான் சொல்லவில்லை. தவறு இல்லாத கணக்கை எதற்காகத் திரும்ப வாங்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கணக்கைக் கேட்க வேண்டியவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் வாக்குரிமைக்குப் போகிறது. 2021 செப்டம்பரில் மொகாலியில் நடந்த தலைவர் தேர்தலில் ரணிந்தர் சிங் 56 வாக்குகளும், அவரை எதிர்த்த ஷ்யாம் சிங் யாதவ் 3 வாக்குகளும் பெற்றார்கள். 2024 செப்டம்பரில் கலிகேஷ் நாராயண் சிங் தேவ் 36 வாக்குகளும், வி.கே. தல் 21 வாக்குகளும் பெற்றார்கள். இரண்டு தேர்தல்களிலும் விழுந்த வாக்குகள் அறுபதைத் தாண்டவில்லை. வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். ரேஞ்சில் வரிசையில் நின்று கட்டணம் கட்டுகிற ஆயிரக்கணக்கானோருக்கு அந்த அறையில் இடமில்லை. தலைவர் பதவிக்குப் பன்னிரண்டு ஆண்டு வரம்பு வைத்த 2011-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டு விதித்தொகுப்பு நடப்பில் இருந்தும், 2010 முதல் தலைவராக இருந்த ரணிந்தர் சிங்கின் பதவிக்காலம் பற்றிய சர்ச்சை விளையாட்டு அமைச்சகம் தலையிடும் அளவுக்குப் போனது. அவர் காலத்தில் இந்திய அணி உலகக் கோப்பைகளில் குவித்த வெற்றிகளை நான் மறுக்கவில்லை. அவரே ட்ராப் சுட்டவர், விளையாட்டை அறிந்தவர். நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அன்று. அறுபது பேரைத் திருப்தியாக வைத்திருந்தால் போதும் என்ற அமைப்பில், யார் தலைவராக வந்தாலும் மற்ற ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவருக்கு எழாது.

அப்படிக் கட்டாயம் இல்லாமற்போனால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கம் கண்முன் இருக்கிறது. அது பெரிதும் அரசியல் செய்யும் அமைப்பு, நம்முடையதோடு நேராக ஒப்பிடத் தக்கதன்று என்பதை அறிவேன். அங்கே நடந்தது இங்கே நடக்கிறது என்றும் சொல்லவில்லை. ஆயினும் 1991 முதல் அதன் கடிவாளத்தைப் பிடித்திருந்த வெய்ன் லாபியேர், சங்கப் பணத்தைத் தன் சொந்தச் சுகத்துக்குச் செலவிட்டார் என்று 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு தீர்ப்பளித்து, 40 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிச் செலுத்தச் சொன்னது. முறைகேட்டைச் சுட்டிக்காட்டியவர்களுக்குச் சங்கம் பாதுகாப்பளிக்கவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உள்ளே கேள்வி கேட்டவர்கள் மதிக்கப்பட்டிருந்தால் விஷயம் நீதிமன்றப் படியேறியிருக்காது.

நம் சங்கத்தால் வெளிப்படையாக இருக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஓரிடத்தில் அது அப்படி இருந்து காட்டியிருக்கிறது. பாரிஸுக்கான ரைபிள், பிஸ்டல் அணிகளைத் தேர்ந்தெடுக்க டெல்லியில் இரண்டும் போபாலில் இரண்டுமாக நான்கு தகுதிச் சுற்றுகளை நடத்தியது. 2022-இல் கெய்ரோவில் உலகச் சாம்பியனாகி நாட்டுக்கு ஒலிம்பிக் இடத்தை வென்று தந்த ருத்ராங்ஷ் பாட்டீல் அந்தச் சுற்றுகளில் பின்தங்கியதால் பாரிஸுக்குப் போக முடியவில்லை. சந்தீப் சிங் போனார். அது பலருக்கு வலித்தது, எனக்கும் வலித்தது. ஆனால் விதி முன்கூட்டியே எழுத்தில் இருந்தது, மதிப்பெண்கள் தசமப் புள்ளி வரை வெளியே தெரிந்தன, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அதனால்தான் அந்த முடிவோடு முரண்பட்டவர்களால்கூட அதில் கள்ளத்தனம் இருந்ததாகச் சொல்ல முடியவில்லை. ரியோ தோல்விக்குப் பிறகு, ஒலிம்பிக் தங்கம் வென்ற துப்பாக்கி வீரர் அபினவ் பிந்த்ரா தலைமையில் ஒரு குழுவை அமைத்து, தன்னைத்தானே கடுமையாக விமர்சித்த அறிக்கையைப் பெற்றுக்கொண்டதும் இதே சங்கம்தான். தேர்வில் கடைப்பிடித்த அந்த ஒழுங்கைப் பணத்திலும் கடைப்பிடிக்கச் சொல்கிறேன்.

சட்டமும் இப்போது ஓரளவு துணை நிற்கிறது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தின்படி அமைகின்ற தேசிய விளையாட்டு வாரியம், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கை வெளியிடாத சம்மேளனத்தின் மீது நடவடிக்கை எடுக்கலாம். தகராறுகளுக்கென்று தீர்ப்பாயம் உண்டு. செயற்குழுவில் சிறந்த வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் உண்டு. மனம் நிறைந்து வரவேற்கிறேன். ஆனால் தகவல் அறியும் உரிமை விஷயத்தில் சட்டம் பின்வாங்கிவிட்டது. முதலில் வைத்த மசோதா அங்கீகாரம் பெற்ற எல்லா விளையாட்டு அமைப்புகளையும், தகவல் கேட்டால் தர வேண்டிய பொது அதிகார அமைப்புகளாகக் கருதியது. நிறைவேறிய வடிவம் அரசு நிதி பெறும் அமைப்புகளோடு அதைச் சுருக்கியதுடன், அந்த நிதியின் பயன்பாட்டைப் பற்றிய தகவலோடு நிறுத்திக்கொண்டது. அரசு நிதி பெறாத கிரிக்கெட் வாரியத்தை மனத்தில் வைத்துச் செய்ததாகத் தோன்றும் இந்தச் சுருக்கம், ரைபிள் சங்கத்தின் இரண்டாவது பையையும் நம் பார்வையிலிருந்து மறைக்கக்கூடும் என்பது என் கவலை. சட்டம் கட்டாயப்படுத்தாததைச் சங்கம் தானாகவே செய்யலாம். எந்த விதியும் தடுக்கவில்லை.

நிர்வாகிகள் ஊதியமின்றி உழைக்கிறார்கள், அவர்களைச் சந்தேகிப்பது முறையா என்று கேட்கிறார்கள். ஊதியமின்றி உழைப்பவரை வீண்பழியிலிருந்து காப்பாற்றக்கூடியது வெளியில் வைத்த கணக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒரு குடியிருப்போர் நலச் சங்கம்கூட ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்கிறது. அதன் செயலாளரும் சம்பளம் வாங்குவதில்லை.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனும், புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமானும் பாரிஸில் இந்தியாவுக்காகச் சுட்டதைப் பார்த்து, இன்று நம் ஊர் ரேஞ்சுகளில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: டெல்லிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன், அங்கே வாக்களிக்கும் நம் மாநிலச் சங்கத்திடம் கேளுங்கள். கடந்த ஆண்டின் முழு வரவு செலவு அறிக்கை, மாநிலப் போட்டியில் வசூலான நுழைவுக் கட்டணமும் அதன் செலவு விவரமும், தேசியச் சங்கத்தின் பொதுக்குழுவில் நம் பிரதிநிதிகள் எதற்கு எப்படி வாக்களித்தார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பெயரும் பிள்ளையின் பதிவு எண்ணும் போட்டு, பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். தனியாகக் கேட்டால் பிள்ளையின் தேர்வில் பாதிப்பு வருமோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும், எனக்கும் தெரியும். அதனால்தான் சேர்ந்து கேட்கச் சொல்கிறேன். கடிதத்தின் மாதிரி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேட்டால் அனுப்புகிறேன்.