ஒரு ‘க்’ விட்டுப்போன கதை

என் முதல் சிறுகதைத் தொகுப்பில் ஓர் அப்பா வருவார். பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் மகன் கையில், பூஜை அறையில் இருக்கும் சின்ன வேல் ஒன்றை எடுத்துத் தருவார். ‘மகன் கையில் வேலைக் கொடுத்தார்’ என்று இருக்க வேண்டிய வரி, ‘வேலை கொடுத்தார்’ என்று அச்சாகிவிட்டது. வெளியீட்டு விழா முடிந்து பத்து நாள் இருக்கும், ஒரு வாசகர் போன் செய்தார். “கதை நல்லாயிருக்குங்க. ஆனா அப்பா அப்படி என்ன வேலை கொடுத்தார்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே?”

கணினியில் பிழைதிருத்தி ஓட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன். ஆனால் இரண்டுமே சரியான தமிழ். அப்பா கொடுத்தது வேலா, வேலையா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் எடிட்டருக்கும் பணம் கொடுக்க வேண்டுமா என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: புத்தகத்துக்கு விலை வைத்தால் கொடுங்கள். இலவச மின்னூல் என்றால், முகத்துக்கு நேரே பேசும் இரண்டு நண்பர்கள் போதும்.

அந்த முதல் புத்தகத்தின் கணக்கைச் சொல்கிறேன். 300 பிரதி அச்சடிக்க 30,000 ரூபாய். அட்டைப் படத்துக்கு 4,000. விழாவுக்கு மண்டபம், டீ, பொன்னாடை என்று 9,000. எடிட்டிங்குக்குப் பூஜ்யம். பேச வந்தவருக்குப் போர்த்திய பொன்னாடைக்குக் கொடுத்த மரியாதையைக்கூட என் வாக்கியங்களுக்குக் கொடுக்கவில்லை.

“அந்தக் காலத்து எழுத்தாளர்கள் எடிட்டர் வைத்தா எழுதினார்கள்?” என்று ஒரு வாதம் உண்டு. வைக்கவில்லை, சரி. ஆனால் அவர்களில் பலருடைய கதைகள் பத்திரிகையில் வந்த பிறகுதான் புத்தகமாயின. அங்கே ஓர் உதவி ஆசிரியர் படித்திருப்பார், எழுத்துப் பிழை திருத்த ப்ரூஃப் பார்ப்பவர் இன்னொரு முறை படித்திருப்பார். அந்தச் சம்பளம் பத்திரிகையின் கணக்கில் போனது. 2016-ல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழுக்கு வழி திறந்த பிறகு, எழுதி முடித்த கையோடு நாமே பதிவேற்றிவிடலாம் என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் நடுவில் உட்கார்ந்து படித்த அந்த இருவரும் காணாமல் போய்விட்டார்கள். 1974-ல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், எழுத்தாளரோடு உட்கார்ந்து கைப்பிரதியைச் செம்மையாக்குவதையே பதிப்பாளரின் முக்கிய வேலையாக வைத்திருந்தவர். அப்படி ஒரு பதிப்பாளர் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

இரண்டாவது புத்தகத்தை எடிட்டரிடம் கொடுத்தேன். 12,000 ரூபாய். அதில் 1998-ல் நடக்கும் ஒரு கதை. உடுமலை பக்கத்து அம்மா ஒருத்தி மனு கொடுக்கத் திருப்பூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போவாள். எடிட்டர் ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘திருப்பூர் மாவட்டமே 2009-ல்தானே வந்தது? அப்போது கோயம்புத்தூருக்கு அல்லவா போயிருப்பாள்?’ எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கோவைக்கு அனுப்பிய பிறகுதான் அந்தக் கதைக்கு உயிரே வந்தது. விடிவதற்கு முன் பஸ், ஒரு நாள் கூலி போச்சு, திரும்பி வருவதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை. நான் எழுதாமல் விட்டிருந்த கதையே அதுதான்.

இதை வைத்து எல்லா எடிட்டர்களும் தெய்வம் என்று சொல்லவில்லை. நண்பர் ஒருவர் ‘எடிட்டிங் உட்பட’ என்று ஒரு பேக்கேஜுக்குப் பணம் கட்டினார். திரும்பி வந்த கோப்பில் நடந்த ஒரே மாற்றம், அவருடைய அப்பத்தா பேசிய கொங்குத் தமிழெல்லாம் செந்தமிழாகியிருந்தது. ‘ஏனுங்க, சாப்புட்டீங்களா’ என்று கேட்டவள் ‘உணவு அருந்தினீர்களா’ என்கிறாள்! அதனால் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். பத்துப் பக்கம் கொடுத்துப் பாருங்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள். ப்ரூஃப் பார்ப்பது வேறு, எடிட்டிங் வேறு. எதற்குக் கொடுக்கிறோம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வியே கேட்காமல் ஒற்றெழுத்தை மட்டும் போட்டுத் தருகிறவர் ப்ரூஃப்தான் பார்த்திருக்கிறார்.

என் இரண்டாவது புத்தகத்துக்குப் போட்ட காசு திரும்பி வந்ததா? வரவில்லை. இந்த முறை விழாவே வைக்காமல் 100 பிரதி மட்டும் அடித்தேன், விலை 180 ரூபாய். எடிட்டிங் செலவே பிரதிக்கு 120 ரூபாய் விழுந்தது. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் நஷ்டம்தான். இதை லாபம் வரும் என்று நம்பிச் செய்யாதீர்கள். 180 ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கு ஒழுங்கான வரியைக் கொடுக்க ஆகும் செலவு, அவ்வளவுதான். கையில் காசு குறைவா? பிரதியைக் குறையுங்கள், விழாவை விட்டுவிடுங்கள். எடிட்டிங்கில் கை வைக்காதீர்கள்.

முதல் புத்தகத்தின் மின்னூலில் அந்த ‘க்’கை, வாசகர் போன் செய்த அன்றைக்கே சேர்த்துப் புதுக் கோப்பு ஏற்றிவிட்டேன். அச்சுப் பிரதிகள் இன்னும் 140 பரணில் இருக்கின்றன. யாராவது கேட்டால் இறக்கித் தூசி தட்டி, 47-ஆம் பக்கத்தைத் திறந்து, கறுப்புப் பேனாவால் ஒரு ‘க்’ போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.